ஏரிக்கரை ஓட்டம்

"பஸ் பிடிக்கக்கூட ஓடாதவள், 10 கிலோ மீட்டர் ஓடப் போகிறாளாம்!" என்று சிரித்தார் அவர்.

முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்காக நிதி திரட்டும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். பயிற்சி, விடியற்காலையில், பருத்திப்பட்டு ஏரிக்கரையில். ஒரு வாரத்திலேயே முழங்கால் முறையிட்டது. விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

அடுத்த வீட்டுச் சிறுமிக்கும் அதே நோய்தான். உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை; தினம் 4 ஊசி. 1922-ல் இன்சுலின் ஊசி வருவதற்கு முன், இந்த நோய் கண்ட குழந்தைகள் பிழைப்பதே அரிதாம்.

அன்று மாலை நான் காலுக்குத் தைலம் தேய்ப்பதைப் பார்த்து, "ரொம்ப வலிக்கிறதா, மாமி?" என்றாள்.

"உனக்கு ஊசி வலிக்காதா, கண்ணே?"

"முதலில் வலிக்கும். அப்புறம் பழகிவிடும், மாமி!" என்று என்னைத் தேற்றினாள்.

மறுநாள் அலாரம் அடிக்குமுன் எழுந்துவிட்டேன்.