தாங்கும் கம்பிகள்

மிதிவண்டியை ஏழையின் வாகனமென்று ஒதுக்குவோர் பெருகிவிட்ட இந்நாளிலும், ஐம்பதைக் கடந்த நாம் நாள்தோறும் அதனையே நம்பியிருக்கிறோம். பங்கின் கிளைக் கிராமங்களுக்குச் சென்று திரும்ப 20 கிலோமீட்டர் ஆகும். நம்மிடம் உள்ளது மெல்லிய டயர்கள் கொண்ட, சாலைப் பந்தய வகை வண்டி. அதன் பின்சக்கரமே நம்மை இவ்வரிகளை எழுதத் தூண்டியது.

சக்கரம் பாரத்தைத் தாங்கும் விதத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். மாட்டுவண்டியில், குடத்திற்குக் கீழேயுள்ள மர ஆரக்கால் தூண்போல் நின்று சுமக்கிறது. மிதிவண்டியின் கம்பியோ 2 மில்லிமீட்டர் தடிமனே உடையது. தூணாக நிற்க அதனால் இயலாது. ஆதலின் எல்லாக் கம்பிகளையும் முன்னரே இழுத்து முறுக்கி வைக்கின்றனர். பாரம் ஏறுகையில் கீழ்க்கம்பிகளின் இறுக்கம் சற்றுக் குறைகிறது. அக்குறைவின் வழியாகவே அவை தாங்குகின்றன. இத்தகைய சக்கரத்தை இங்கிலாந்தின் ஜார்ஜ் கேய்லி 1808-ஆம் ஆண்டிலேயே தமது பறக்கும் பொறிக்கென எண்ணினார். கம்பிகளைச் சாய்த்துப் பின்னும் முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை பெற்றார்.

நமது சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 470 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து இறுகுகிறது. ஒருநாள் பயணத்தில் இது 9,000 முறைக்கும் மேல் நிகழ்கிறது. சீராக இறுக்கப்படாத கம்பி, குடத்தில் மாட்டப்பட்ட வளைவில் நாளடைவில் முறிந்துபோகும்.

வண்டியோடு வந்த பின்சக்கரம் தொழிற்சாலையில் 20 கம்பிகளால் கட்டப்பட்டது. எடை குறைவு, பார்வைக்கும் அழகு. ஒரு மழைக்கால மாலையில், நம்மிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டென்று ஆளனுப்பியிருந்த முதியவரைக் காணச் சென்றோம். வழியில் கம்பி ஒன்று முறிந்தது. கம்பிகளுக்கிடையே இடைவெளி மிகுதியாதலால் ரிம் கோணி, பிரேக்கில் உரசி நின்றது. எஞ்சிய தொலைவை வண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். நாம் சேர்ந்தபோது அவர் நினைவிழந்திருந்தார். அவர் சொல்ல விரும்பியது இன்னதென்று வீட்டாருக்கும் தெரியவில்லை.

அதன்பின், கையால் சக்கரம் கட்டும் சைக்கிள் கடைக்காரர் ஒருவரை நாடினோம். அவர் பழைய சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, “சாமி, இருபதிலே ஒண்ணு போனா சக்கரமே போச்சு, முப்பத்திரண்டிலே ஒண்ணு போனா ஊர் போய்ச் சேர்ந்திடலாம்” என்றார்.

முப்பத்திரண்டையே தேர்ந்தோம். ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் கடந்து செல்லுமாறு பின்னினார். முனைகளில் 2 மில்லிமீட்டரும் நடுவில் 1.8 மில்லிமீட்டருமான கம்பிகள் அவை. நடுவில் மெலிந்த கம்பி சிறிது நீண்டு கொடுத்து, அதிர்ச்சியை அண்டைக் கம்பிகளோடு பகிர்ந்துகொள்கிறது. பின்சக்கரத்தில் பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தவற்றைவிட இறுக்கமாக அமையும். ஆயினும் ஒரே பக்கத்துக் கம்பிகள் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும். அவர் விரலால் ஒவ்வொன்றையும் மீட்டி, ஒலி ஒத்து வரும்வரை நிப்பிளைக் கால் சுற்றாகத் திருப்பினார். பின்னர் இணை இணையாக அழுத்திப் படியவைத்து, மீண்டும் கோட்டம் எடுத்தார்.

எடை சற்றுக் கூடிற்று. பந்தய வீரருக்கு இலகுவான சக்கரம் பொருந்தலாம். அவருக்குப் பின்னே உதவி வண்டி வருகிறது. நாளும் பணிக்குச் செல்வோர்க்குப் பின்னே எவரும் வருவதில்லை; முன்னே ஒருவர் காத்திருக்கிறார். ஆகவே சக்கரம் தேர்வோர், எடையைக் கேட்குமுன், ஒரு கம்பி முறிந்தால் என்ன நேரும், அது நம் ஊர்க் கடையில் கிடைக்குமா, மாற்றித் தரும் கை அருகில் உண்டா என்று கேட்பாராக. புதிய சக்கரம் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், கட்டியவரிடமே ஒருமுறை காட்டிக் கோட்டம் பார்த்துக்கொள்வதும் நலம்.