ஸால்ஸாக் நதிக்கரையில் ஒரு குடியானவள்

ஆஸ்திரியாவுக்கு யாத்திரை செல்லும் நம்மவர்கள் ஸால்ஸ்பர்க் நகரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஸங்கீத மேதை மோஸார்ட் பிறந்த ஊராயிற்றே! ஆனால் அந்நகரின் நடுவே ஓடும் ஸால்ஸாக் நதியைப் பின்தொடர்ந்து வடக்கே செல்பவர் வெகு சிலர். அப்படிச் சென்றால் அக்கரையில் ஜெர்மனியைச் சேர்ந்த பவேரியா. இக்கரையில் காடும் மேய்ச்சல் நிலமும் சூழ்ந்த ஸாங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிறு கிராமம். ஆறாம் நூற்றாண்டில் ராஜபோகத்தைத் துறந்து கன்னிமாடம் புகுந்த ஓர் அரசியின் திருநாமமே ஊருக்குப் பெயராயிற்று. ஒரு மாதா கோயில் அளவே கம்பீரமுள்ள கோயில், அதைச் சுற்றிச் சில பண்ணை வீடுகள் - இவ்வளவுதான் ஊர்.

இந்தச் சீமையின் மண் விசித்திரமானது. கிறிஸ்துமஸ் இரவில் உலகமெங்கும் பாடப்படும் 'ஸைலண்ட் நைட்' கீதத்துக்கு மெட்டமைத்த கிருபர் 1787-ல் பிறந்தது பக்கத்துக் கிராமமாகிய ஹோக்பர்க்கில். உலகையே யுத்தத் தீயில் தள்ளிய ஹிட்லர் 1889-ல் பிறந்த பிரவுனவ் பட்டணமும் இங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. சாந்தி கீதமும் சண்டமாருதமும் அடுத்தடுத்த ஊர்களில் தோன்றியிருக்கின்றன! அதே ஹோக்பர்க்கில், 1913 மார்ச்சு 4-ந் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிரான்ஸிஸ்கா பிறந்தாள். நாம் சொல்ல வந்தது அந்த அம்மாளின் கதையைத்தான்.

1936-ல், கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் என்று போற்றும் நாளன்று, ராடெகுண்டைச் சேர்ந்த பிரான்ட்ஸ் யேகர்ஷ்டெட்டர் என்ற குடியானவருக்கும் அவளுக்கும் விவாகம் நடந்தது. மாப்பிள்ளை வாலிப காலத்தில் கொஞ்சம் துடுக்கானவர். கிராமத்தில் முதன்முதல் மோட்டார் சைக்கிள் விட்டவர் அவரே என்பார்கள். தம்பதிகள் கல்யாணம் ஆன கையோடு ரோமாபுரிக்கு யாத்திரை போனார்கள். திரும்பி வந்து பண்ணையைக் கவனித்தார்கள். ஜெபமும் வேதபாராயணமும் வீட்டில் தினசரிக் காரியங்களாயின. மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டு, "சம்மதமா?" என்று ஜனங்களிடம் வாக்குக் கேட்டார். ராடெகுண்டில் சம்மதமில்லை என்று வாக்களித்தவர் பிரான்ட்ஸ் ஒருவரே. 1940-ல் அவரைப் பட்டாளப் பயிற்சிக்கு இழுத்தார்கள். மறு வருஷம் பண்ணை வேலையின் பொருட்டு வீடு திரும்பியவர், அந்த அநியாய யுத்தத்தில் இனி ஆயுதம் ஏந்துவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். பாதிரியார்கள் புத்தி சொன்னார்கள். லின்ஸ் நகர மேற்றிராணியாரும், "குடும்பத்தை நினைத்துப் பார்" என்றே சொல்லி அனுப்பினார். அந்தப் பேட்டியின்போது பிரான்ஸிஸ்கா வெளியில் காத்திருந்தாள்.

அவளும் முதலில் புருஷனிடம் மன்றாடியவள்தான். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஏதேனும் வழி உண்டா என்று பார்க்கச் சொன்னாள். ஆனால் ஊரும் உறவும் ஒன்றுசேர்ந்து அவரை எதிர்ப்பதைக் கண்டபோது அவள் மனம் திரும்பியது. தானும் அவர் பக்கம் நிற்காவிட்டால் அவருக்கு உலகில் ஒருவருமே இல்லை என்று உணர்ந்தாள். அன்றிலிருந்து அவரைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1943 மார்ச்சு மாதம் பிரான்ட்ஸ் பட்டாள முகாமுக்குச் சென்று ஆயுதமேந்த மறுத்தார். காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்யும் பணி கொடுத்தால் ஏற்பதாகச் சொன்னதும் பலிக்கவில்லை. ஜூலை 6-ந் தேதி பெர்லினில் மரண தண்டனை விதித்தார்கள். கையில் விலங்குடன் அவர் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். பண்ணை வேலைகளையும் குழந்தைகளின் குறும்புகளையும் பற்றி அவள் எழுதினாள். அதே மாதம் பெர்லினுக்குப் போய்ப் புருஷனைப் பார்த்தாள். கூடச் சென்ற கிராமப் பாதிரியார், கிடைத்த சொற்ப நேரத்திலும் அவர் மனத்தை மாற்றவே முயன்றார். அதுவே தம்பதிகளின் கடைசிச் சந்திப்பு. ஆகஸ்டு 9-ந் தேதி பிராண்டன்பர்க் சிறையில் அவருடைய சிரம் துண்டிக்கப்பட்டது. 1942-ல் காந்தி மகான் கைதான அந்தத் தேதி நமக்கும் மறக்கக் கூடியதல்லவே!

பிரான்ட்ஸின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நமக்கோ கதை இங்கேதான் ஆரம்பமாகிறது. தாம்பத்திய வாழ்வு ஏழு வருஷம்; வைதவ்யம் ஏறக்குறைய எழுபது வருஷம். மூத்த குழந்தைக்கு ஆறு வயது நிரம்பவில்லை. பசுவுக்குத் தீனி போட்டாக வேண்டும். புல் அறுத்து உலர்த்தி மழைக்கு முன் களஞ்சியம் சேர்த்தாக வேண்டும். உருளைக்கிழங்கைத் தோண்டியாக வேண்டும். சத்தியத்துக்காக ஒருவர் உயிர் கொடுத்தார் என்பதற்காகப் பசு பால் கறக்காமல் இருந்துவிடுமா?

ஊராரோ, பெண்டாட்டியின் அதிகப்படியான பக்திதான் அவரைக் கெடுத்தது என்றார்கள். மாமியாருக்குக்கூட மருமகள்மேல் மனத்தாங்கல் இருந்தது. ஊராரைத் தூஷிப்பது சுலபம். ஆனால் தங்கள் பிள்ளைகளையும் புருஷர்களையும் யுத்தத்துக்குக் கொடுத்த வீடுகள் அவை. பிரான்ட்ஸ் செய்தது சரியென்றால் தங்கள் பிள்ளைகள் எதற்காக மாண்டார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? யுத்தம் முடிந்த பிறகும் சர்க்கார் 1950 வரையில் அவளுக்கு விதவை உபகாரச் சம்பளம் கொடுக்கவில்லை.

பிரான்ஸிஸ்கா யாருடனும் வாதாடவில்லை. 1946-ல் புருஷனின் அஸ்தி வந்தபோது அதைக் கோயிலருகே அடக்கம் செய்வித்தாள். கோயிலைச் சுத்தம் செய்து, பூசைக்கு வேண்டியவற்றை எடுத்து வைக்கும் கோயிற்பிள்ளை வேலையைப் பிரான்ட்ஸ் செய்து வந்தார். அவருக்குப்பின் அதை அவள் ஏற்றாள். வசை பாடிய ஊரார் வழிபட வரும் கோயிலை அவளே அலங்கரித்தாள். கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தாள். 1964-ல் கார்டன் ஸான் என்ற அமெரிக்க அறிஞர் பிரான்ட்ஸைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகே உலகம் அந்தக் கிராமத்தைத் திரும்பிப் பார்த்தது. 1997-ல் பெர்லின் நீதிமன்றம் பழைய தண்டனையை ரத்துச் செய்தது. 2007 அக்டோபர் 26-ந் தேதி லின்ஸ் பேராலயத்தில் பிரான்ட்ஸுக்கு முத்திப்பேறு பட்டம் சூட்டியபோது, தொண்ணூற்று நாலு வயது மூதாட்டியாக அவள் அங்கு வந்திருந்தாள். புருஷனின் திருப்பண்டத்தை முத்தமிட்டுக் கொடுத்தாள்.

நூறு வயது நிரம்பிப் பன்னிரண்டாம் நாள், 2013 மார்ச்சு 16-ந் தேதி, பிரான்ஸிஸ்கா அம்மாள் காலமானாள். 'முடியாது' என்ற ஒரு வார்த்தையைச் சொன்னவர் பிரான்ட்ஸ். அந்த வார்த்தை வீண்போகாமல், வயலிலும் தொழுவத்திலும் கோயிலிலும் ஏறக்குறைய எழுபது வருஷம் காத்தவள் அவள். சிறை சென்றவர்களின் பெயர்களை நம் தேசத்திலும் கல்லில் பொறித்திருக்கிறோம். அந்த வருஷங்களில் வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர்களின் பெயர்கள் எங்கே?

அந்தப் பண்ணை வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 9-ந் தேதி பல தேசத்தாரும் அங்கே கூடுகிறார்கள். ஸால்ஸ்பர்க் செல்லும் நேயர்கள் மோஸார்ட்டுக்கு ஒரு நாள் கொடுத்தால், மறுநாளை இந்தக் குடியானவளுக்கு ஒதுக்கலாம்.