நூறு ஆக்டேன் போட்டால் வண்டி பறக்குமா?

பங்க்கில் கூடுதல் காசு கொடுத்து 100 ஆக்டேன் போடும் நண்பர்களுக்கு: ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வதில்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் சொல்கிறது.

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக் பொறி விடும். தீ பரவ நேரம் வேண்டுமே. ரொம்ப முன்னால் விட்டால், தீ வந்து சேருமுன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். மேடேறும்போது சில வண்டிகளில் கேட்கும் ‘டக டக’ அதுதான். அம்பாசடர் காலத்து மெக்கானிக் காதால் கேட்டே டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பிப் பொறி விடும் நேரத்தை (டைமிங்) சரிசெய்வார் (அந்தக் காதுக்கு ஒரு கும்பிடு).

இப்போது அந்தத் தட்டலை உணர எஞ்சின் பிளாக்கில் நாக் சென்சார் இருக்கிறது. உள்ளே இருக்கும் பீசோ படிகம் அதிர்வை மின்சாரமாக்கி எஞ்சின் கணினியான இசியூவுக்கு அனுப்பும். தட்டல் தெரிந்தால் இசியூ டைமிங்கைச் சில டிகிரி பின்னுக்கு இழுக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகர்த்திப் பார்க்கும். டேங்க்கில் என்ன ஆக்டேன் என்று அதற்குத் தெரியாது. தட்டுகிறதா, இல்லையா? அவ்வளவுதான்.

91-க்கென்று டியூன் செய்த சின்னக் காரில் 100 ஊற்றினால், டைமிங் முன்னுக்குப் போக பெரும்பாலும் இடமே இருக்காது. அழுத்தம் கூடிய டர்போ எஞ்சின் என்றால் கதை வேறு. வெயிலில், முழு லோடில் வித்தியாசம் தெரியலாம்.

ஒரு வேடிக்கை: எத்தனாலின் ஆக்டேன் 108-க்குப் பக்கம். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு.