பாதம் தெரிய வேண்டும்

சென்ற ஆடி அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கையில், எங்கள் வீட்டுக் கூடத்தின் தென்சுவரில் இருந்த தந்தையாரின் படம் ஆணி கழன்று கீழே விழுந்தது. கண்ணாடி இரண்டாகப் பிளந்தது. "இது எதற்கு அறிகுறியோ!" என்று என் தாயார் கலங்கினார். ஆணி துருப்பிடித்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆயினும் அவருடைய கலக்கத்தைத் துருவின் கதை சொல்லித் தணிக்க முடியவில்லை.

1980-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் மகாமகம் நடந்தபோது, என் தாய்மாமன் இரவல் கேமராவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. குளத்தைச் சூழ்ந்திருக்கும் 16 மண்டபங்களுள் ஒன்றின் அருகே, தீர்த்தமாடிய ஈர வேட்டியோடு தந்தையார் படித்துறையில் வெறுங்காலுடன் நிற்கிறார். தலை முதல் கால் வரை அவர் முழுமையாகத் தெரியும் படம் எங்களிடம் அது ஒன்றே. அவர் மறைந்தபின், நாள்தோறும் பூஜை முடிந்ததும் தாயார் அப்படத்தின்முன் வந்து, பாதம் இருக்கும் இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கண்ணாடியில் அந்த ஓரிடம் மட்டும் விரல் பட்டு மங்கியிருக்கும்.

ஸ்டூடியோவுக்கு எடுத்துச் சென்றேன். ஆண்டுக்கணக்கான ஈரத்தில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. "பிரித்தால் உருவம் கண்ணாடியோடு வந்துவிடும்" என்று எச்சரித்த ஸ்டூடியோக்காரர், ஒட்டிய நிலையிலேயே ஸ்கேன் செய்து, பிளவின் கோட்டைக் கணினியில் நீக்கித் தந்தார். பழைய படங்களைப் போற்றி வைத்திருக்கும் அன்பர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். முதலில் நகல் எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அப்போது ஒரு யோசனை சொன்னான். "இனிக் கண்ணாடிச் சட்டம் எதற்கு அண்ணா? டிஜிட்டல் படச்சட்டம் ஒன்று வாங்கி மாட்டிவிடு. அப்பா படமும் இருக்கும், குழந்தைகள் படத்தையும் நான் இங்கிருந்தே அனுப்பிக்கொண்டிருப்பேன்." எனக்கும் அது சரியென்றே பட்டது. விலை மலிவாகக் கிடைத்த 10 அங்குலச் சட்டம் ஒன்றை வாங்கி, தந்தையாரின் படம் இருந்த இடத்திலேயே மாட்டினேன்.

தாயார் வழக்கம்போல் தரையில் பாய் விரித்து அமர்ந்து நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, ஒரே கறுப்பாக இருக்கிறதே?" என்றார். மலிவான திரைகள் நேரே பார்த்தால் மட்டுமே தெளிவாகத் தெரியும். கீழிருந்து பார்த்தால் நிறம் மாறி இருண்டுவிடும். எழுந்து வந்து பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் பாதத்தைக் காணோமே" என்றார்.

நெடிய படத்தை அகலமான திரை முழுதும் நிரப்ப முயன்ற கருவி, இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டிருந்தது. நான் பதறி, படம் முழுதும் தெரியும்படி அமைப்பை மாற்றினேன். பாதம் தெரிந்தது. தாயார் கைநீட்டித் தொட்டார். அது தொடுதிரை அல்லவா? படம் மறைந்து பட்டியல் ஒன்று விரிந்தது. மீண்டும் வரவழைத்தேன். பத்து வினாடியில் பேரனின் பிறந்தநாள் கேக் வந்து நின்றது. "அவரை ஏனப்பா விரட்டுகிறாய்?" என்று தாயார் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

மறுநாள் கடைக்குச் சென்று, கூடுதல் பணம் கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொண்டேன். இம்முறை விலையை மட்டும் பார்க்கவில்லை. எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் திரையா என்று, கடையிலேயே தரையில் குந்தி அமர்ந்து பார்த்தேன். கைப்பேசியில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் 4க்கு 3 என்ற அளவில் அமைவதால், அதே அளவுள்ள திரையைத் தேர்ந்தேன். தொடுதிரை வேண்டாம், பின்புறம் பொத்தான் போதும் என்றேன். இரவில் தானே அணைந்து காலையில் விழிக்கும் வசதி உண்டா, மாதச் சந்தா இல்லாமல் தம்பி படம் அனுப்ப இயலுமா, இணையம் இல்லாதபோது மெமரி கார்டிலிருந்து படம் ஓடுமா என்றெல்லாம் கேட்டறிந்தேன்.

ஆனால் அதைத் தந்தையாரின் இடத்தில் மாட்டவில்லை. ஸ்டூடியோவில் அவர் படத்தைப் புதிதாக அச்சிட்டு, பழைய தேக்குச் சட்டத்திலேயே புதுக் கண்ணாடி போட்டேன். படம் கண்ணாடியைத் தொடாதபடி இடையே அட்டை விளிம்பு வைக்கச் சொன்னேன். ஒட்டிப்போன பழைய படத்தைக் கண்ணாடியோடு துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரப்படுத்தினேன். டிஜிட்டல் சட்டம், கூடத்தின் மறுபக்கம் மேசைமேல் அமர்ந்தது. அதில் குழந்தைகளும் திருமணங்களும் திருவிழாக்களும் மாறி மாறி வருகின்றன. தாயார் அதையும் மகிழ்ந்து பார்க்கிறார். அவர் வேண்டாமென்றது கருவியை அன்று. அதற்கு நான் கொடுத்த இடத்தை.

"கோயிலில் மூலவர் இருந்த இடத்தில் இருக்கிறார்; உற்சவர்தானே வீதிக்கு வருகிறார்?" என்று தாயார் ஒருநாள் சொன்னார். மனிதரைத் தெய்வத்தோடு ஒப்பிடுவது பிழையெனில் இறைவன் பொறுத்தருள வேண்டும். ஓடும் படங்கள் நம்மை மகிழ்விக்கின்றன. வணங்குவதற்கோ, நாம் வரும்வரை காத்து நிற்கும் ஓர் உருவம் வேண்டியிருக்கிறது.

ஆடி அமாவாசையன்று காவிரிக்கரையில் தர்ப்பணம் முடித்து வீடு திரும்பினேன். தாயார் தென்சுவரின்முன் நின்றிருந்தார். தந்தையாரின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துளசி மாலையைச் சரிசெய்தார். புதுக் கண்ணாடியில் அந்த ஓரிடம் இப்போதே மங்கத் தொடங்கிவிட்டது. நான் அதைத் துடைப்பதில்லை.