அக்காவும் ரெண்டு தலகாணியும்!

எங்க அக்கா அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர். டி.என்.பி. ஸ்பெஷலிஸ்ட் பரீட்சைக்குப் படிக்கிறா. போன தடவை ஊத்திக்கிச்சு. காரணம், டேபிள் மேல கிடந்த ரெண்டு தலகாணி சைஸ் புத்தகங்கள்... டின்டினாலி, ரோசன்! (எழுதின டாக்டருங்க பேரேதான்.) ரெண்டும் அமெரிக்கா. முன்னது 1978-லயும் பின்னது 1983-லயும் முதன்முதலா வந்தது. நைட் டூட்டி முடிச்சு வந்து இதுல பாதி, அதுல பாதின்னு புரட்டினா எது மண்டையில ஏறும்?

லோக்கல் ஆத்தர் புக்கை வெச்சு ஒரே ராத்திரியில செமஸ்டரைத் தாண்டுற இன்ஜினீயரிங் சிங்கம் நான், ‘ஒண்ணை மூட்டை கட்டுக்கா’ன்னேன். அடி விழும்னு பார்த்தா, ரோசனைப் பரண்ல ஏத்திட்டா!

‘‘அப்போ டின்டினாலி மட்டும் போதுமா?’’

‘‘பாம்புக்கடிக்குப் போதாதுடா. அதுல அமெரிக்கப் பாம்புங்கதான் நிறைய. நமக்கு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இங்க போடுற விஷமுறிவு மருந்தே இந்த நாலுக்குத்தான்!’’

உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்காக 2016-ல போட்ட பாம்புக்கடி வழிகாட்டியை பிரின்ட் எடுத்து, அந்த சாப்டர்லயே சொருகிட்டா. பூச்சிமருந்து குடிச்சவங்க கேஸுக்குத் தனி நோட்டு. அவ டூட்டியில அதுதான் அடிக்கடி வருதாம்.

நேத்து, ‘ஒரே ஒரு டவுட்டுடா, ரோசனை இறக்கு’ன்னு கெஞ்சினா. ஏணியை ஒளிச்சு வெச்சிருக்கேன்!