பனியன் ஊரில் கதை எழுதும் பிள்ளைகள்

திருப்பூருக்குக் கிழக்கே, சிட்கோ தொழிற்பேட்டையும் பின்னலாடைக் கல்லூரியும் அமைந்திருக்கும் முதலிபாளையத்தில், பனியன் கம்பெனிகளின் இரைச்சலுக்கு அப்பால் போய்விடாத ஓர் அரசுப் பள்ளிக்கு, குழந்தைகளுக்காகவே எழுதிவரும் நண்பர் ஒருவருடன் சென்றிருந்தேன். எழுத்தாளர் பள்ளிக்கு வந்தால் பிரசங்கம் செய்வதும், பிள்ளைகள் கைதட்டுவதும், பொன்னாடையுடன் வைபவம் நிறைவெய்துவதுமே சம்பிரதாயமாக இருக்க, இவரோ தமக்கிட்ட நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்து, "நேத்து ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி கடைசியாக் கேட்ட சத்தம் என்ன கண்ணு?" என்று வினவினார்.

வகுப்பு சற்று நேரம் மௌனம் சாதித்தது. பிறகு ஒரு சிறுமி, "அம்மா ஷிப்ட் முடிஞ்சு வந்து கதவத் தட்டுன சத்தம், சார்" என்றாள். அவ்வளவுதான்; அணை திறந்தது. அப்பா கட்டிங் மாஸ்டர் என்றான் ஒருவன். அக்கா செக்கிங்குக்குப் போகிறாள் என்றாள் மற்றொருத்தி. தைத்து விழும் துண்டுகளை டெய்லருக்குப் பக்கத்தில் நின்று அடுக்கும் கைமடி வேலை, துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு வெட்டும் வேலை, ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமைச் சம்பளம் வந்த இரவில் மட்டும் வீட்டில் மணக்கும் கறிக்குழம்பு என்று, அந்தப் பிள்ளைகளுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிந்த ஓர் உலகம் முழுவதும் எங்கள் முன்னே வந்து நின்றது. ஆயினும் அவர்களுடைய கட்டுரை நோட்டுகளை வாங்கிப் புரட்டியபோது, அவ்வுலகத்தின் ஒரு சொல்கூட அங்கே இடம்பெறவில்லை என்பதையும், ராஜாவும் சிங்கமும் தாம் கதைக்கு உரியவர்கள், அம்மாவும் ஓவர்லாக் மெஷினும் உரியவர்கள் அல்லர் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லாமல் சொல்லி வைத்திருந்ததையும் கண்டேன். அது என்னை மிகவும் வருத்தியது.

நண்பரின் தொழில்முறை எளிமையானது. ஆனால் அதிலுள்ள சிரத்தை அபாரம். முதலில் வாயால் சொல்ல வைக்கிறார். சொன்னதையே எழுதச் சொல்கிறார். முதற்படியில் எழுத்துப்பிழை எதையும் தொடுவதில்லை. பிறகு எழுதியவரே உரக்க வாசிக்க வேண்டும். கேட்கிற பிள்ளைகள் எந்த இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்களோ, அந்த இடத்தை எழுதியவரே கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அம்மாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த நூல்களைத் தம்பி ஒவ்வொன்றாக எடுத்து நிறம்வாரியாகத் தீப்பெட்டியில் சேர்ப்பதை அழகாக எழுதியிருந்த அந்தச் சிறுமி, முடிவில் 'நீதி: தாயைப் போற்ற வேண்டும்' என்று சேர்த்திருந்தாள். "இதை யாருக்காக எழுதினே கண்ணு?" என்று கேட்டார். "மார்க்குக்கு, சார்" என்றாள். அவர் அந்த வரியை அடிக்கவில்லை; அவளே யோசித்து அடித்தாள்.

ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன், தமிழை நம்மவர்போலவே பேசுகிறான், எழுத மட்டும் தடுமாறுகிறான். பக்கத்துப் பையன் எழுத, அவன் சொல்லச் சொல்ல, ரயில் பயணம் ஒன்று கதையாயிற்று. அன்று கேட்ட கதைகளுள் அதுவே சிரேஷ்டமானது என்பது என் அபிப்பிராயம்.

குழந்தைகளுக்கான எழுத்து முயற்சி நம் மண்ணுக்குப் புதியதன்று. ஈரோட்டுப் பக்கத்தில் 1908இல் பிறந்து, பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன்தான், பிற்காலத்தில் பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தமிழுக்குத் தந்தார். வங்கியில் உத்தியோகம் பார்த்த அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். 2010 முதல் சாகித்திய அகாதெமியும் சிறார் இலக்கியத்துக்கெனத் தனி விருது வழங்குகிறது. இவையெல்லாம் குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் எழுதும் காரியத்தைப் போஷித்தவை. ஆனால் குழந்தையே எழுதுவதற்கு, எழுதியதை அச்சில் பார்க்கும் பாக்கியம் வேண்டும். பள்ளிக் கல்வித்துறை 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்னும் இதழ்களை நடத்துவது நற்செயலே; எனினும் ஒரு மாநிலத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இரண்டு இதழ்களின் பக்கங்கள் எம்மாத்திரம்?

எழுத்தாளர் ஒரு நாள் வந்து போய்விடுவார். மறுநாள் முதல் அந்த நோட்டுகளைப் படித்து, மார்க் போடாமல் ஒரு வார்த்தை பாராட்டி எழுத வேண்டியவர் தமிழாசிரியை. அவரிடம் நேரமில்லை என்று நாம் சொல்லிவிடலாகாது. அந்த நேரத்தை அவருக்கு ஏற்பாடு செய்து தருவது பள்ளியின் கடமை. உலகத்துக்கே சட்டை தைத்து அனுப்பும் திருப்பூர்க் கம்பெனி முதலாளிகளுக்கு என் விண்ணப்பம் இதுவே: உங்கள் தொழிலாளரின் பிள்ளைகள் எழுதும் கதைகளை, பள்ளிக்கு ஒன்றாக, ஆண்டுக்கொரு சிறு புத்தகமாக அச்சிட்டுக் கொடுங்கள், அதன் முதற்பிரதியை, அந்தக் கதைகளில் வருகிற ஓர் அம்மாவின் கையில், அவள் வேலை செய்யும் மெஷினுக்கு அருகிலேயே கொடுங்கள்.