அத்தாவுக்கு அனுப்பும் படம்

வெளிநாட்டில் பணிபுரியும் ஆண்களுக்கு வீட்டுப் பிள்ளைகளின் படத்தை அனுப்பிவைப்பது நம் சமுதாயக் குடும்பங்களுக்குப் புதிய வழக்கம் அன்று. என் சிறு வயதில், பெருநாள் கழிந்த வாரத்தில் தாம்பரத்திலுள்ள ஒரு ஸ்டுடியோவுக்கு எங்களை அழைத்துச் செல்வார்கள். திரைச்சீலைக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற எங்கள் உருவம், சில நாட்களில் விமானத் தபாலேறி என் தகப்பனாரைச் சென்றடையும். அந்த ஸ்டுடியோக்காரர் கூரிய பென்சிலால் நெகட்டிவின் மீது மெல்ல வருடி முகப்பருவையும் கருவளையத்தையும் மறைத்துவிடுவார். அதற்கு 'டச்சிங்' என்று பெயர். ஆகவே, முகத்தைத் திருத்துவது செல்போனோடு பிறந்த கலை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

இப்போது என் கணவர் தம்மாமில் இருக்கிறார். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாண்டுக்கு ஒரு முறை விடுமுறையில் வருவார். எங்கள் மகளுக்குப் பதினைந்து வயது; மாதத்துக்கு மாதம் முகம் மாறுகிற பருவம். வீடியோவில் நாள்தோறும் பேசுகிறோமே, படம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. வீடியோவில் தெரிவது ஆடி அசைந்து இடையிடையே உறைந்துபோகும் உருவம். இஷா தொழுதுவிட்டு, அறைக்குத் திரும்பி, கட்டிலில் சாய்ந்து நெடுநேரம் பார்க்க முடிவது படம் ஒன்றைத்தான்.

எங்கள் ஊர் மணிமங்கலம். பல்லவன் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாகச் சரித்திரத்தில் இடம்பெற்ற ஊர். இன்று இந்த வட்டாரத்துக்குப் பெயர் வாங்கித் தருவன தொழிற்சாலைகள். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா செல்போன்கள் உற்பத்தியாயின. அதற்கு அப்பால் சுங்குவார்சத்திரத்தில் இப்போது ஐபோன்கள் உருவாகின்றன. உலகெங்கும் முகங்களைப் படம்பிடிக்கும் கருவிகளை நம் பக்கத்து ஊர்ப் பெண்பிள்ளைகள் பூட்டி அனுப்புகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, மகள் தானே ஒரு படம் எடுத்து, தானே திருத்தி, தன் அத்தாவுக்கு அனுப்பிவைத்தாள். கன்னம் வழுவழுப்பாக இருந்தது. மூக்கு மெலிந்திருந்தது. நிறம் இரண்டு பங்கு கூடியிருந்தது. அன்றிரவு அவர் என்னை அழைத்து, "புருவத்துக்கு மேலே இருந்த தழும்பு சுத்தமாக மறைஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.

அவர் குறை சொல்லவில்லை. உண்மையாகவே ஆறிவிட்டது என்று நம்பித்தான் கேட்டார். ஏழு வயதில் ஏரிக்கரைப் படிக்கட்டில் விழுந்து அவள் வாங்கிய தழும்பு அது. இரத்தம் வழிய அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர் அவர்தான். "இல்லீங்க, அப்படியேதான் இருக்கு" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ நான் பாத்துக்கிட்டு இருந்தது யாரை?" என்று சிரித்தார். அருகிலிருந்த மகள் அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தலைகுனிந்தாள்.

அவளை நான் கடிந்துகொள்ளவில்லை. ஏன் திருத்தினாய் என்று மட்டும் கேட்டேன். "போட்டோவுலே மூக்கு ரொம்பப் பெரிசா தெரியுதும்மா" என்றாள். அவள் சொன்னது பொய்யன்று. செல்போனைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்தால், முன்னால் இருக்கும் மூக்கு பெருத்தும் பின்னால் இருக்கும் காது சிறுத்தும் தெரியும். அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 5 அடி தூரத்தில் எடுத்த படத்தைக் காட்டிலும் 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தோன்றுவதாகக் கணக்கிட்டிருந்தார்கள். முதலில் கேமரா ஒரு பொய் சொல்கிறது. அந்தப் பொய்யைத் தன் முகத்தின் குறையென்று நம்பி, பிள்ளை இன்னொரு பொய்யால் அதைத் திருத்துகிறாள்!

அதன்பின் அவள் படத்தை நானே எடுக்கத் தொடங்கினேன். அஸருக்குப் பிறகு சன்னலோரம் உட்காரவைத்து, டியூப்லைட்டை அணைத்துவிடுவேன். இருவகை வெளிச்சம் கலந்தால் முகம் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும். ஐந்தடி தள்ளி நின்று, திரையில் 2 என்ற எண்ணைத் தொட்டு உருவத்தை அருகில் கொண்டுவருவேன். 'பியூட்டி' என்றொரு வசதி சில செல்போன்களில் நாம் கேளாமலேயே வேலை செய்யும். அதைத் தேடி அணைத்தாக வேண்டும். படம் எடுக்கிறேன் என்று சொன்னால் விறைத்துக்கொள்வாள். ஆகையால் பூ கட்டும்போதோ, கணக்குப் போடும்போதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுக்கிறேன்.

திருத்தமே கூடாது என்பது என் கட்சியன்று. சாய்ந்ததை நிமிர்த்தலாம். பின்னால் கொடியில் தொங்கும் துணியை வெட்டி நீக்கலாம். வெள்ளைச் சுவருக்கு முன் மாநிறப் பிள்ளையை உட்காரவைத்தால் கேமரா சுவரைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். அப்போது முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் கண்ணுக்குத் தெரிகிற அவளுடைய நிறமே படத்திலும் வரும். வெளுப்பாக்குவது முற்றிலும் வேறு. 1975இல் இங்கு விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. நம் வீட்டுப் பெரியம்மாக்கள் இன்னும் மாறவில்லை! "பிள்ளை கொஞ்சம் நிறமா இருந்தா நல்லாயிருக்கும்" என்று அவள் காதுபடப் பேசிவிட்டு, செல்போனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? விளம்பரத்தில் உடலைத் திருத்திக் காட்டினால் அதன்மீது முத்திரை இட வேண்டும் என்று நார்வே நாடு 2021இல் சட்டமியற்றியது. வீட்டுப் படத்துக்கு முத்திரையிட யார் வருவார்?

எங்கள் வீட்டில் சுவரில் உருவப்படம் மாட்டும் வழக்கம் இல்லை. என் மாமியார் அதில் கண்டிப்பானவர். படம் எடுப்பது குறித்து ஆலிம்கள் கூறும் பல்வேறு கருத்துகளுக்குள் நான் செல்லவில்லை. ஆனால் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். எடுத்தவற்றையெல்லாம் மகளிடம் காட்டுவேன். வேண்டாம் என்று அவள் சொன்னதை அவள் கண்ணெதிரே அழிப்பேன். மீதமுள்ளது அத்தாவுக்கு மட்டும் போகும்; சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகாது. தெளிவு குறையாதிருக்க டாக்குமென்டாக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் படத்தோடு சேர்ந்து போகக்கூடும் என்று அவளே எனக்குச் சொல்லி, கேமராவில் அந்த வசதியை அணைத்துத் தந்தாள்.

நோன்புக்கு முன்பு அனுப்பிய படத்தில் தழும்பும் இருந்தது, தாடையில் புதிதாக வந்த இரண்டு பருக்களும் இருந்தன. அவர் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். "என்னைப் பெத்த அம்மா மாதிரியே தாடை வருது" என்று எழுதியிருந்தார். மகள் சும்மா இருப்பாளா? "நீங்களும் சன்னல் பக்கம் உக்காந்து, தொப்பியைக் கழட்டிட்டு, ஃபில்டர் இல்லாம ஒண்ணு அனுப்புங்க அத்தா" என்று பதில் போட்டாள்.

மறுநாள் வந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, அத்தாவுக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?" என்றாள்.